சட்டைப் பையில் ஒரு கத்தி

அரபு மொழியில் கத்திக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ‘ஸிக்கீன்’, மற்றொன்று ‘முத்யா’. நபி யூசுஃப் (அலை) அவர்களின் அழகைக் கண்ட மிஸ்ரு நாட்டுப் பெண்கள் தம் கைகளையே அறுத்துக்கொண்ட நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் 12ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்குமிடத்தில் வருவது ஸிக்கீன் என்னும் சொல். திருமறை முழுவதிலும் அச்சொல் வருவது அந்த ஓரிடத்தில்தான். ஒரு குழந்தைக்காக வழக்காடிய இரு பெண்களுக்கிடையே நபி சுலைமான் (அலை) அவர்கள் தீர்ப்பளித்த வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்ட அன்றுதான் ஸிக்கீன் என்ற சொல்லைத் தாம் முதன்முதலாகக் கேட்டதாகவும், அதுவரை தாங்கள் முத்யா என்றே சொல்லிவந்ததாகவும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியது புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. அறுபடும் பிராணியின் அசைவை அடக்குவதால் ஸிக்கீன் என்றும், அதன் ஆயுளை முடிப்பதால் முத்யா என்றும் பெயர் வந்ததாக விரிவுரையாளர்கள் விளக்குவார்கள்.

இந்த விளக்கங்களைக் கேட்டால் கத்தி என்பது உயிரைப் பறிக்கவே பிறந்த கருவி என்றுதான் தோன்றும். ஆனால், 1418இல் மறைந்த எகிப்திய அறிஞர் கல்கஷந்தீ அவர்கள் அரசவை எழுத்தர்களுக்காக இயற்றிய பெருநூலில், மைக்கூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டிய கருவிகளை ‘மீம்’ எழுத்தில் தொடங்கும் பெயர்களாகவே வரிசைப்படுத்துகிறார்கள். எழுதும் கலம், கலத்தை வைக்கும் கூடு, மைக்குப்பி, கலத்தின் முனையை வைத்து வெட்டும் சிறு பலகை ஆகியவற்றோடு முத்யாவும் அங்கே இடம்பெறுகிறது. ஆயுளை முடிப்பது என்று பொருள் சொல்லப்பட்ட அதே முத்யா, எழுத்தரின் பெட்டிக்குள் வந்தவுடன் கலத்தைச் சீவி எழுத்துக்கு உயிர் கொடுக்கும் கருவியாகிவிடுகிறது. நம் தமிழும் சட்டைப் பையில் வைக்கும் சிறு கத்திக்குப் ‘பேனாக்கத்தி’ என்றல்லவா பெயர் சூட்டியிருக்கிறது! சொல் ஒன்றுதான், அது இருக்கும் இடமும் ஏந்தும் கையும் அதன் பொருளை மாற்றிவிடுகின்றன. இந்த உண்மையை ஏட்டில் பல்லாண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். அதை என் சொந்த வாழ்வில் கற்றுத் தந்தது ஒரு மடக்குக் கத்தி.

2022ஆம் ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதிவிட்டுப் பின்னர் பாலிடெக்னிக்கில் இயந்திரத் தொழில் படித்து, வளைகுடா நாட்டில் சில காலம் உழைத்து, இப்போது அமெரிக்காவில் உலோகங்களை நுட்பமாகக் கடையும் பட்டறை ஒன்றில் பணிபுரிபவர். ஸலாம் சொல்லி அமர்ந்தவர், தம் சட்டைப் பையிலிருந்து சாம்பல் நிற மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து, மடக்கிய நிலையிலேயே இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

“ஹஜ்ரத், இது நான் நான்கு வருஷமாக என் பையில் வைத்துப் புழங்கியது. புதிதாக வாங்கிக் கொடுத்தால் நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள். அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன்” என்றார்.

அதை வாங்கும்போது என் கை சற்றே தயங்கியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது; பின்னர்ச் சொல்கிறேன்.

அந்தக் கத்தியின் பெயர் செபன்ஸா. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் அச்சொல்லுக்கு ‘வேலை’ என்று பொருளாம். இதை வடிவமைத்த கிறிஸ் ரீவ் என்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்காவில் குடியேறி, ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் பட்டறை நிறுவியவர். கைப்பிடி டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆனது. அது துருப்பிடிப்பதில்லை, எஃகின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் இருக்கும். என்னிடம் வந்தது சிறிய அளவுக் கத்தி. அலகு 3 அங்குலம். மொத்த எடை 85 கிராம் அளவு.

அதன் பூட்டு என்னை வியக்கவைத்தது. தனியாக ஒரு வில்லோ தாழ்ப்பாளோ அதில் கிடையாது. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளமாக ஒரு கீற்று அறுத்து, அப்பகுதியையே வில்லாக வளைத்துவிட்டிருக்கிறார்கள். அலகை விரித்ததும் அந்தப் பகுதி உள்நோக்கி நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கிறது. கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு உறுதியாகப் பூட்டும் நிற்கும். பிடித்திருக்கும் கையே பூட்டுக்குப் பலம் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அலகின் எஃகும் சாதாரணமானதன்று. உருக்கிய எஃகைத் தூளாக்கி, அத்தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீண்டும் திண்மமாக்கிச் செய்கிறார்கள். அதனால் கடினமான துகள்கள் எஃகு முழுவதும் ஒரே சீராகப் பரவி நிற்கின்றன. கூர்மை நெடுநாள் மழுங்குவதில்லை. மழுங்கினாலோ நம் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும்; வைரத்தூள் பதித்த கல் இருந்தால் நலம்.

“தம்பி, இதன் விலை என்ன?” என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். வற்புறுத்தியபோது, 400 டாலருக்கு மேல் என்றார். நம் கணக்கில் 30,000 ரூபாயைத் தாண்டும். எனக்குப் பகீரென்றது. மாம்பழம் அறுக்க எங்கள் வீட்டில் இருக்கும் கத்தி, சந்தையில் 40 ரூபாய்க்கு வாங்கியது!

என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் தம் பட்டறைத் தோழர்களின் வாதங்களை விரிவாகச் சொன்னார். இத்தகைய கத்தி வைத்திருப்பவர்கள் அங்கே பலர். உணவு இடைவேளையில் இதைப் பற்றிய தர்க்கம் ஓயாதாம். ஒருவர் மூன்று செபன்ஸாக்களை வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். டைட்டானியம் எளிதில் கீறல் விழும் உலோகம். சாவியோடு பையில் கிடந்தால் நத்தை ஊர்ந்த தடம்போலக் கோடுகள் விழுந்துவிடும். கீறல் விழுந்தால் விலை போகும் என்பது அவர் கட்சி. மற்றொருவர் அட்டைப்பெட்டி கிழிப்பதிலிருந்து ஆப்பிள் நறுக்குவதுவரை எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறார். ‘பெயரே வேலை என்றிருக்க, வேலை கொடுக்காமல் பெட்டியில் வைப்பது அந்தப் பெயரையே பொய்யாக்குவது ஆகாதா?’ என்று கேட்கிறார். கத்தியோடு வரும் சிறு திருகுச் சாவியைக் கொண்டு அவரே அதை முழுவதும் கழற்றித் துடைத்து, மசகு இட்டு, மீண்டும் பூட்டிவிடுவாராம். உற்பத்தி செய்தவர்களுக்கே அனுப்பினால் அவர்களும் சுத்தம் செய்து தீட்டித் திருப்பி அனுப்புவார்களாம். மூன்றாமவரோ இருவரையும் பார்த்து நகைப்பவர். ‘10 டாலர் கத்தி செய்யாத எந்த வேலையை உங்கள் 400 டாலர் கத்தி செய்துவிடுகிறது? தொலைந்தால் நான் ஒரு நிமிடம் வருந்துவேன். நீங்கள் ஒரு மாதம் வருந்துவீர்கள்’ என்பாராம்.

“நீ எந்தக் கட்சி?” என்றேன்.

“நான் உலோகம் கடைகிறவன் ஹஜ்ரத். இதில் அலகும் பூட்டும் முடியிழை அளவுகூடப் பிசகாமல் பொருந்தி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றும். அதற்காகவே பையில் வைத்திருந்தேன்” என்றார்.

எதைச் செய்தாலும் அதை அழகுறச் செய்யுமாறு கடமையாக்கப்பட்டிருப்பதையும், அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்தே கற்பித்தார்கள். அந்த ஹதீஸை நான் ஆண்டுதோறும் துல்ஹஜ் மாதத்தில் நடத்துகிறேன். அதன் முற்பகுதியை என் மாணவர் தம் தொழிலில் விளங்கிக்கொண்டிருந்தார்.

ஆயினும் அவர் அஞ்சியபடியேதான் நான் செய்தேன். கத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் மனத்துக்குள்ளும் அந்த மூன்று கட்சிக்காரர்களும் வந்து அமர்ந்துகொண்டார்கள். இவ்வளவு விலையுயர்ந்த பொருளை ஓர் ஆலிம் பையில் வைத்துத் திரிவது வீண்விரயத்தின் அடையாளமாகாதா என்று ஒரு குரல். அல்லாஹ் தன் அடியானுக்கு அளித்த அருளின் சாயல் அவன்மீது தெரிவதை விரும்புகிறான் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறதே என்று மற்றொரு குரல். பல மாதங்கள் இப்படியே கழிந்தன. பின்னர் ஒருநாள் எனக்கே வெட்கம் வந்தது. விரயம் என்பது விலையில் மட்டும் இல்லை; பயன்படும் பொருளைப் பயன்படாமல் முடக்கி வைப்பதிலும் இருக்கிறது. மேலும், கொடுத்தவர் புழங்குவதற்கென்று நிய்யத்து வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த நிய்யத்தைப் பூட்டி வைக்க எனக்கு என்ன உரிமை?

அன்றுமுதல் அது என் ஜிப்பாப் பையில் குடியேறியது. அப்போதுதான் ஒரு நாளில் கத்திக்கு எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பது தெரிந்தது. தபாலில் வரும் நூற்கட்டுகளைப் பிரித்தல், மூட்டையின் சணலை அறுத்தல், பேரப்பிள்ளைக்குக் கொய்யாப்பழம் நறுக்குதல், நார்த்தைச் செடியின் காய்ந்த கிளையைக் கழித்தல் என்று வரிசை நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வியாழக்கிழமைதோறும் நான் நடத்தும் எழுத்தணி வகுப்புக்கு மூங்கில் கலம் சீவுதல். கலத்தின் முனையைச் சாய்த்து ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தியானால் மூங்கில் பிளந்து நார்நாராகிவிடும். இந்தக் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. விலையைப் பற்றிய உறுத்தல் மெல்லமெல்லக் குறைந்தது.

2023ஆம் ஆண்டு ஒரு திருமணத்துக்காக வெளியூர் புறப்பட்டேன். ரயில் நிலைய வாயிலில் சோதனைக் கருவி ஒலித்தது. காவலர் ஒருவர் என் பையைத் தடவிக் கத்தியை எடுத்தார்.

“பாய், இது எதுக்கு?”

“கலம் சீவ” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “பேனா” என்றேன். “இந்தக் காலத்தில் யாரய்யா பேனா சீவறாங்க?” என்றார். கேள்வி நியாயமானதுதான். என்னை ஓர் அறைக்கு அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்தினார்கள். யாரும் தகாத வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் பார்த்தார்கள். கத்தியைப் பார்த்தார்கள், என் தாடியைப் பார்த்தார்கள், தொப்பியைப் பார்த்தார்கள், மீண்டும் கத்தியைப் பார்த்தார்கள். விலை கேட்டார்கள். பொய் சொல்லக் கூடாதென்று உள்ளதைச் சொன்னேன். அதனால் ஐயம் கூடிற்று. அறபு மதரஸா வாத்தியாருக்கு 30,000 ரூபாய்க் கத்தி யார் கொடுப்பார்?

ஒரே கத்தி ஓரிடத்தில் கருவி, ஓரிடத்தில் குற்றம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்திருக்கலாம். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்தச் சலுகை இல்லை. என் மாணவரின் பட்டறையிலோ கத்தியின் கொக்கி வெளியே தெரியப் பையில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவை நாட்டுக்கு நாடு மாறும் சட்டங்களும் வழக்கங்களும். ஆனால் அந்த அறையில் என்மீது படிந்த பார்வை எந்தச் சட்டத்திலும் எழுதப்படாதது. கேட்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்ட பார்வை அது.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தின் நடுவில் திடீரென்று நெஞ்சில் ஒரு குத்து. இந்தப் பார்வையை நான் எங்கோ கண்டிருக்கிறேனே! கண்டதில்லை, நானே பார்த்திருக்கிறேன்.

அது 1998ஆம் ஆண்டு. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கண்டிப்பான ஆசிரியன் என்ற பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாக் கிணற்றடியில் பையன்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டேன். நடுவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன்; கையில் விரித்த பேனாக்கத்தி. எதிரில் ஒரு சின்னப் பையன். சண்டை என்று முடிவு கட்டினேன். கத்தியைப் பிடுங்கினேன், கன்னத்தில் அறைந்தேன். “ஹஜ்ரத், அது…” என்று அவன் வாய் திறந்தான். “வாயை மூடு” என்றேன். அவன் மூடிக்கொண்டான். மதரஸாவை விட்டுப் போகும்வரை அதைப் பற்றித் திறக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அவனுடைய உம்மா வந்து அந்தக் கத்தியைக் கேட்டார். தாமிரபரணிக் கரையில் பாய்க்குக் கோரை கிழித்துப் பிழைத்தவராம் அவன் வாப்பா. மௌத்தாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் இருந்த கத்தியாம் அது. மேசை அறைகளில் எல்லாம் தேடினேன். வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை மாற்றியபோது எங்கோ போய்விட்டிருந்தது. “பரவாயில்லை ஹஜ்ரத்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் போனார். அன்று கிணற்றடியில் நடந்தது சண்டையல்ல, அந்தச் சின்னப் பையனுக்கு அவன் மூங்கில் கலம் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்பதும் பிறகு தெரியவந்தது. நான் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியன் மாணவனிடம் மாப்புக் கேட்பதா என்ற எண்ணம் தடுத்தது.

செபன்ஸாவைக் கொண்டுவந்து இரு கைகளாலும் நீட்டியவர் அந்தச் சிறுவர்தான்.

காவலர்கள் இறுதியில் என் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த மூங்கில் குச்சிகளைக் கண்டு, “சீவிக் காட்டுங்க” என்றார்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு கலத்தைச் சீவி, முனை வெட்டி, காகிதத்தில் ‘பிஸ்மி’ எழுதிக் காட்டினேன். அவர்களுள் மூத்தவர் சற்றுநேரம் அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு போகச் சொன்னார். இளையவர் கத்தியைத் திறந்தபடியே, அலகு என் பக்கம் இருக்க நீட்டினார். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்பு கொண்டு செல்பவர் அதன் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தார்கள். ஆயுதம் வைத்திருப்பதற்கு முன் அதன் ஒழுக்கத்தைக் கற்க வேண்டும். அன்று அவருக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. 1998இல் அந்த ஒழுக்கம் எனக்குத் தெரிந்திருந்தும், கூரியதொரு சந்தேகத்தை உறையின்றி ஒரு பிள்ளையின் முகத்தை நோக்கி நீட்டியவன் அல்லவா நான்! சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொள்ளுமாறு திருமறை 49ஆம் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. அந்த வசனத்துக்கு நான் பலமுறை விளக்கவுரை நிகழ்த்தியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் அவருக்குத் தொலைபேசினேன். ரயில் நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன். பிறகு, “தம்பி, கிணற்றடியில் நான் உனக்குச் செய்தது அநியாயம். உன் வாப்பாவின் கத்தியைத் தொலைத்தது அமானிதத்துக்குச் செய்த துரோகம். என்னை மாப்புச் செய்” என்றேன். இருபத்தைந்து ஆண்டுகள் நாவில் ஏறாத வார்த்தை, ஏறியபின் எளிதாகத்தான் இருந்தது.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: “ஹஜ்ரத், இப்போது கலம் சீவ எந்தக் கத்தியை எடுக்கிறீர்கள்?”

“நீ கொடுத்ததைத்தான்.”

“அது போதும் ஹஜ்ரத்” என்றார்.

விலையுயர்ந்த கத்தியை அன்றாடம் பையில் வைக்கலாமா என்று என்னைக் கேட்பவர்கள் இப்போது உண்டு. வேலை இருந்தால் வையுங்கள். பெட்டியில் உறங்கும் கத்தியைவிடக் கீறல் விழுந்த கத்தியே மேல் என்பேன். பயணத்தில் கையோடு வைக்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் அறவே கூடாது. தொலைந்தால் உங்கள் நிம்மதியையும் கொண்டுபோய்விடும் என்றால் 40 ரூபாய்க் கத்தியே உங்களுக்கு உகந்தது. பிறர் கையில் கத்தியைக் கண்டால், முதலில் அது எதற்கென்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

வியாழக்கிழமை வகுப்பில் இப்போது நானே கலம் சீவிக் கொடுப்பதில்லை. கத்தியை மடக்கி, பிடி அவர்கள் பக்கம் இருக்க நீட்டுகிறேன். பையன்கள் முறைவைத்துச் சீவுகிறார்கள். சென்ற மாதம் ஒருவன் கை நழுவவிட்டுக் கல்தரையில் போட்டுவிட்டான். சாம்பல் நிறக் கைப்பிடியில் நீளமாக ஒரு கீறல். பையன் நடுங்கிப்போய், “ஹஜ்ரத், அது…” என்று தொடங்கினான்.

“சொல்லப்பா” என்றேன்.